விட்டுப்போனது தார்தான்

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளை ஜோயலும் அங்கே நலம் என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு இந்த நலமே வந்தது. போனில் சொன்னால் நீ சிரிக்கிற சிரிப்பில் என்னால் பேச முடியாது, அதனால் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ போட்ட வாய்ஸ் மெசேஜில் முன்பாதி ஒரே இரைச்சல், பின்பாதிதான் காதில் விழுந்தது. "போன வருசம் நல்லா ஒட்டிக்கிட்டுத்தான்ம்மா இருந்துச்சு, இப்ப விட்டுப்போச்சு. ரெண்டு பக்கமும் இழுத்தா எம்புட்டுத்தான் தாங்கும், இனி சரிப்படாது, வேற மாத்த வேண்டியதுதான்" என்று ஜலதோஷக் குரலில் நீ சொன்னால் பெற்றவள் என்ன நினைப்பாள்? கனடாவில் ரோட்டு விரிசலுக்கு ஊற்றுகிற தாரை உறைய வைத்து இழுத்துப் பார்ப்பதுதான் உன் வேலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான், அந்த நேரத்துக்கு அது ஞாபகம் வரவில்லையே. மாப்பிள்ளையைத்தான் மாற்றப்போகிறாய் என்று நினைத்து அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திரும்பக் கூப்பிட்டால் உன் போன் அணைந்து கிடக்கிறது. நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட கல்யாணம் பிடிக்காமல், அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்காத மனிதர் உன் அப்பா, "அந்தப் பையன் என் பிள்ளைய என்ன பண்ணுனான்னு கேட்டுட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், பின்னாலேயே நானும் ஓடினேன்.

அங்கே இவர் சத்தம் போட, சம்பந்தியம்மா அழ, சம்பந்தி பதறிப்போய் மகனைக் கூப்பிட்டால், நீ பக்கத்தில் குறட்டை விடுகிறாய் என்கிறார் மாப்பிள்ளை! விட்டுப்போனது போன வருஷம் ரோட்டில் சோதனைக்கு ஊற்றிய தார் என்று அவர் விளக்கியதும் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். அப்பா எழுந்து வந்துவிடுவாரோ என்று பயந்தேன். வரவில்லை, மீன்குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தத் தார் போனால் போகட்டும், வேறு ஒன்று ஒட்டும், கவலைப்படாதே. காதை மூடித் தொப்பி போடு, ஜலதோஷத்துக்குக் கஷாயம் குடி. இனிமேல் மெசேஜ் போட்டால் முதலில் ரோடு என்று சொல்லிவிட்டு ஆரம்பி, ஏட்டி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடாமல் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
மாரிக்கனி

மறந்துவிட்டேன், மாப்பிள்ளையைக் கேட்டதாக எழுதச் சொன்னார் அப்பா. நான் எழுதுகிற வார்த்தை இல்லை அது, அவரே அப்படித்தான் சொன்னார், மாப்பிள்ளை என்று.