வளர்ந்தாள் என்பதற்காக நீக்கப்பட்ட என் மகள் உஸ்தீன்யா குறித்து

அனுப்புநர்:
லரீசா வியாசெஸ்லாவோவ்னா ஷிபீத்ஸினா,
ரயில்வே குடியிருப்பு, பெர்ம் நகரம்.

பெறுநர்:
விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்கள்,
பெர்ம் மாகாணம்.

பொருள்: 'வெள்ளிச் சிறகு' பனிச்சறுக்குப் பள்ளியின் பயிற்சியாளர் எம்மா கென்ரிகோவ்னா மீது விசாரணை கோருதலும், என் மகளுக்கு மறுக்கப்படும் விடுவிப்புச் சான்றைப் பெற்றுத் தர வேண்டுதலும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் உஸ்தீன்யாவுக்கு இப்போது பதினான்கு வயது. சிறு வயது முதல் மேற்படி பள்ளியில் பயின்றவள். காற்றில் மூன்று முறை சுழன்று இறங்கும் மூன்று சுற்றுத் தாவலை இவளைப் போல் சுத்தமாக முடிக்க இந்த வயதில் மாகாணத்தில் வேறு ஆளில்லை என்று சென்ற ஆண்டு பத்திரிகையாளர்களை அழைத்துச் சொன்னவர் எம்மா கென்ரிகோவ்னா. அவளுக்குத் திறமையே கிடையாது என்று இன்று சொல்பவரும் அவரே.

2. சென்ற ஆண்டு கோடையில் என் மகள் வளர்ந்தாள். வேறு குற்றம் எதுவும் அவள் செய்யவில்லை. என் மோவாய் உயரம் நின்றவள், பள்ளி திறக்கும்போது என் கண்ணுக்கு நேராக நின்றாள். கால்கள் நீண்டன, இடுப்பு அகன்றது. காற்றில் எப்போது சுற்றத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று உடம்பு பழகி வைத்திருந்ததெல்லாம் பொய்யாகிப் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு செய்த தாவல்களில் பக்கவாட்டில் போய் விழுந்தாள்.

3. இப்படி நடப்பது இயல்பு என்பது பயிற்சியாளருக்குத் தெரியாததல்ல. தாவல்களைக் குறைத்து, புதிய உடம்புக்கு அவகாசம் தருவதே முறை. அவரோ எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாக அவளை எடை இயந்திரத்தில் ஏற்றி, "யாரைக் கேட்டுடி வளர்ந்த? ராத்திரி பெல்மெனிக் கறிக் கொழுக்கட்டையா? பனி விரிசல் விட்டுடப் போகுது, பாத்து இறங்கு" என்றார். சிறுமிகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்து யார் ஏறவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சியின்போது தண்ணீர் மறுக்கப்பட்டது. விழுந்த தாவலையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள்.

4. இலையுதிர் காலத்தில் முதுகு வலிப்பதாகச் சொன்னாள். "சதை போட்டா வலிக்கத்தான் செய்யும். நடிக்காத, எந்திரி" என்பதே அவளுக்குக் கிடைத்த மருத்துவம். ஒருநாள் விழுந்தவள் எழாமல் கிடந்ததைக் பனித்தளத்தின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினேன். "பெத்தவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று எம்மா கென்ரிகோவ்னா கத்தினார். என் மகள் பனியில் கிடந்தபடியே, "அம்மா, நீ போயிடும்மா. அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். ஐயா, எழ முடியாமல் கிடக்கும் குழந்தை வலிக்கு அஞ்சவில்லை, வசவுக்கு அஞ்சினாள். நான் போகவில்லை. என் மேலங்கியைப் போர்த்தி அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன்.

5. முதுகெலும்பில் விரிசல். "இந்த முதுகோட இவளை யாருங்க தாவ விட்டது?" என்று மருத்துவர் என்னிடம் கோபப்பட்டார். குளிர்காலம் முழுவதும் இடுப்பில் இறுக்கிய பட்டையோடு கிடந்தாள். அப்போது பள்ளியிலிருந்து வந்த ஒரே தகவல் நீக்க உத்தரவு. காரணம்: 'எதிர்காலமற்றவர்'. பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி இப்படி எழுதக் கை கூசவில்லையா?

6. மருத்துவர் அனுமதித்த பின் ஆற்றங்கரை நகராட்சிப் பனிச்சறுக்குக் கழகத்தில் சேர்த்தேன். அங்குள்ள அல்சூ ராவிலெவ்னா இளம் பயிற்சியாளர். முதல் நாளே, "மூணு சுத்தை மறந்துடு கண்ணு. உன் காலு இப்ப எங்க முடியுதுன்னு முதல்ல கண்டுபிடிப்போம்" என்றார். வசந்தம் முழுவதும் வெறும் வட்டங்கள், வளைவுகள். பிறகு ஒற்றைச் சுற்று, இரட்டைச் சுற்று. "குழந்தை மாதிரி இருக்கும்மா, வெக்கமா இருக்கு" என்று வீட்டில் அழுதாள். மறுநாள் எனக்கு முன்பே எழுந்து கிளம்பினாள். சென்ற மாதம் மூன்று சுற்றுத் தாவலை விழாமல் முடித்தாள். முன்பைவிட உயரமாக எழுகிறாள். முடித்ததும் அவள் சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7. இப்போது டிசம்பரில் நடக்கும் மாகாணப் போட்டியில் புதிய கழகத்தின் சார்பில் இறங்க, பழைய பள்ளியின் விடுவிப்புச் சான்று தேவை. எதிர்காலமற்றவரை விடுவிப்பதில் அவர்களுக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். "நாளைக்கு இவ அங்க போயி ஜெயிச்சா ஊரு எங்களைப் பாத்துச் சிரிக்காதா?" என்று எம்மா கென்ரிகோவ்னா என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் முதுகு உடைந்தபோது ஊர் சிரிக்குமோ என்ற கவலை அவருக்கு வரவில்லை.

8. ஆகவே, சான்றினைப் போட்டிக்கு முன்பாக வழங்க உத்தரவிடவும், மேற்படி பயிற்சியாளரை விசாரணை முடியும்வரை வளரும் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைக்கவும் வேண்டுகிறேன். அன்று சிரித்த சிறுமிகளில் இருவர் இந்தக் கோடையில் வளரத் தொடங்கியிருக்கிறார்கள். இரவு உணவை அவர்கள் நிறுத்திவிட்டதாகத் தாய்மார்கள் என்னிடம் சொல்கிறார்கள். மனு எழுத அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் போய்விட்டது.

தங்கள் முடிவு எதுவாயினும் எழுத்தில் தரவும். வாயால் சொல்லவேண்டியதையெல்லாம் எங்களுக்குப் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.

இடம்: பெர்ம்
நாள்: நவம்பர் 11

இப்படிக்கு,
லரீசா ஷிபீத்ஸினா
(உஸ்தீன்யாவின் தாய்)