கான்பூரில் சாப்பாட்டு மணி

ஜூன் 11, 1973. திங்கள்.

வெயில். கத்திரி முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம். வெயில் பஞ்சாங்கம் படிப்பதில்லை. என் சைக்கிள் பஞ்சர். தபால்காரர் எங்கள் திருப்பருத்திக்குன்றம் வரை மிதித்து வந்து இரண்டு உறை கொடுத்தார். கம்ப்யூட்டர் படிப்புக்கு இரண்டு இடத்திலும் சீட். சென்னை, கான்பூர். 18-ஆம் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குத் தந்தி.

எழுதிப் பார்த்தேன்.

செ.: பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. அதற்கான அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

கா.: ரயிலில் இரண்டு இரவு. இந்தி. (தெரியாது. பள்ளிக்கூட நாளில் ஊர்வலம் போய், தெரியாமலே இருக்க உறுதி எடுத்தவன்.) கம்ப்யூட்டர் இருக்கிறது.

போன மாதம் அங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த அறையில் மட்டும் குளிர். அன்றிலிருந்து சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று கேள்வி.

ஜூன் 12.

சித்தப்பா வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வேலை. நான் கான்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் துளை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தறிக்கு டிசைன் அட்டை குத்தறாங்களே, அதேதாம்பா. இதுக்கு எதுக்கு கான்பூரு? பிள்ளையார்பாளையத்துலயே கத்துக்கினு பொழைக்கலாம்."

மறுக்க முடியவில்லை. தறி அட்டைதான் இந்த அட்டைக்கு மூதாதை என்று நான் படித்த புத்தகமும் சொல்கிறது. அவர் ஓட்டு: செ.

அப்பா: "உங்கம்மாவக் கேளு." கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கருத்து.

ஜூன் 14.

பிற்பகல் தூறல். காயப்போட்ட நெல்லை உள்ளே வாரிப் போட்டோம்.

கடை வேலையாகச் சென்னை போன சித்தப்பா அங்கே கல்லூரி விடுதியில் விசாரித்து வந்திருக்கிறார். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. யாருக்கும் முன்கூட்டித் தருவதில்லை.

அம்மா முகம் மாறிற்று. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை, கிழங்கு தொடுவதில்லை. சமணர் வீட்டில் இதற்கு மேல் விளக்கம் கிடையாது. சென்னை அத்துடன் முடிந்தது.

கான்பூர் பற்றி அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் பார்த்த வடநாட்டார் எல்லாரும் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள். அத்தனை பேரும் சமணர்; ஐந்து மணிக்கே இலை கேட்டவர்கள். ஆகவே கான்பூர் முழுக்கச் சமணர்.

"மெட்ராஸ்லதான் கெட்டுப்போவான். அது நம்மவங்க ஊரு. பொழுதோட சோறு போட்ருவாங்க."

நான் திருத்தவில்லை. ஒரே பேச்சில் வடநாட்டையே மதம் மாற்றிய பெருமை எங்கள் வீட்டுக்கு இருக்கட்டும்.

ஜூன் 15.

அம்மா பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மூன்று நாளில் கான்பூருக்குத் தந்தி.

வாங்க: டிரங்குப் பெட்டி. கம்பளி. பூட்டு. இந்திப் புத்தகம் (பெட்டிக்கு அடியில்).

வரைபடத்தில் ரயில் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். நாக்பூர் வரை போய்த் திரும்பிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 17. ஞாயிறு.

புழுக்கம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ போனியே, அப்ப எத்தினி மணிக்குடா போட்டாங்க?"

கேட்காதவரை சொல்லாமலிருக்க முடிந்தது. கேட்டபின் முடியவில்லை.

"எட்டு மணிக்கு."

முறம் நின்றது.

"இன்னா போட்டாங்க?"

"ரொட்டி. உருளைக்கிழங்கு."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

கல் பொறுக்க ஆரம்பித்தாள். கல்லே இல்லாத அரிசி. கான்பூர் போயிற்று என்று நினைத்தேன். இனி அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு எவனோ.

பிறகு, தலை நிமிராமல்: "எங்க போனாலும் பொழுது போயிதான் துன்னப்போற. அப்ப மிஷினு இருக்கற எடத்துக்கே போ."

எந்தத் தருக்க நூலிலும் இவ்வளவு சுருக்கமான முடிவை நான் படித்ததில்லை.

ஜூன் 18.

காற்று, புழுதி. தந்தி கொடுத்தேன். கான்பூர். குமாஸ்தா ஊர்ப் பெயரை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொல்லச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்தரைக்குச் சாப்பாடு. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, இரண்டே இலை. அம்மா பரிமாறினாள். காலையில் கோயிலில் விரதம் எடுத்துக்கொண்டு வந்தாளாம். என் படிப்பு முடிகிற வரை, இரண்டு வருடம், அவளுக்கு இந்த வேளைச் சாப்பாடு கிடையாது. அப்பாதான் சொன்னார், இலையைப் பார்த்தபடி.

அம்மா என்றேன்.

"பேசாத சாப்புடுபா. வெளிச்சம் போயிக்கினு இருக்குது."

பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.