பெடியனை ஸ்பெயினிலை விட்டிடாதையும்

இன்று எங்கள் அஜின்கோர்ட் பக்கத் தமிழ்க் கடையில் தோடம்பழம் குவித்திருந்தார்கள். அந்த வாசம் பட்டதும் உம்முடைய சாப்பாட்டு மேசை நினைவில் வந்தது. சனிக்கிழமைகளில் நீர் தோடம்பழம் உரித்து வைப்பீர். நெப்போலியனின் படையை எதிர்த்து ஸ்பெயினில் சண்டைபிடிக்கப் போன ஓர் இளம் ஆங்கில அதிகாரி வீட்டுக்கு எழுதிய கடிதங்களைக் கணினித் திரையில் வாசித்து, காப்பகம் ஒன்றுக்காகத் தட்டச்சு செய்வோம். ஓய்வுபெற்ற பிறகு நீர் தேடிப் பிடித்த சம்பளமில்லா வேலை, சிநேகிதியென்று என்னையும் இழுத்துவிட்டீர்.

தாளை மிச்சம் பிடிக்க, அவன் எழுதிய பக்கத்தையே பக்கவாட்டில் திருப்பி அதன் குறுக்கே மறுபடியும் எழுதியிருந்தான். முதல் நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உது எழுத்தில்லையப்பா, இடியப்பம்" என்றீர். ஆனாலும் விடவில்லை.

ஒரு முறை ஒரே நாளில் எழுதிய இரண்டு கடிதங்கள் வந்தன. அண்ணனுக்கு எழுதியதில், சப்பாத்து பிய்ந்துவிட்டது, பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போனான். தாய்க்கு எழுதியதில், நான் நல்ல சுகம், இங்கே மலைகள் அழகு. உமக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவளுக்கு ஏன் உப்பிடிப் புளுகுறான்?"

அடுத்த மாரியில் உமக்குப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, கல்கரியில் படிக்கும் மகளிடம் ஃபோனில், "ஒண்டுமில்லையம்மா, சின்னச் செக்கப்" என்றீர். நான் உம்மையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறீர்? அவளுக்கு யூனிவர்சிட்டிச் சோதனை முடியட்டும். நீர் ஒண்டும் சொல்லக்கூடாது." சரியென்று தலையாட்டினேன். பிறகு சொன்னீர்: "மிச்சக் கடிதங்களை நீர் முடியும். பெடியனை ஸ்பெயினிலை விட்டிடாதையும்."

மகள் வந்து சேர்ந்தபோது உமக்குப் பேச்சில்லை. செத்தவீட்டில் அவள் என்னைத்தான் கேட்டாள்: "அம்மா கஷ்டப்பட்டவவா, அன்ரி?" உமக்குக் கொடுத்த வாக்குக்காக மழுப்பிவிட்டேன்.

தனியாக இருந்து கடிதங்களை முடித்தேன். கடைசிக் கடிதத்தில் எழுத்து வேறாக இருந்தது. இறந்துபோனான், வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். இல்லை, அவனேதான். இடது கையால், பெரிய பெரிய எழுத்தாக: "அம்மா, இதுவரை உங்களிடம் மறைத்தேன். இனி மறைக்கமாட்டேன். வலது கை போய்விட்டது. வீட்டுக்கு வருகிறேன்."

அதைத் தட்டச்சு செய்து அனுப்பிய கையோடு உம்முடைய மகளுக்கு ஃபோன் எடுத்தேன். "பிள்ளை, நீ அண்டைக்குக் கேட்டியே, இப்ப சொல்லுறன்." கேட்டுக்கொண்டே அழுதாள். நான் தயங்கினேன். "நிப்பாட்டாதேங்கோ அன்ரி. எல்லாம் சொல்லுங்கோ" என்றாள்.

அன்று தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலி தாங்காமல் நீர் என்னைத் திட்டிய நாளையும், என்னை அவளென்று நினைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாளையும் மறைக்கவில்லை. கோபிப்பீரென்று தெரியும்; கோபியும். உம்முடைய பிள்ளைக்கு இனி என் வாயால் ஒரு பொய்யும் வராது.