பிணையாளியின் பெயர்

செவ்வாய், 9 மார்ச் 1993
காலையிலேயே வெக்கை. அருளம்பலம் மாஸ்டர் கொழும்பு போக, குடாநாட்டை விட்டு வெளியேற இயக்கம் கொடுக்கும் பாஸுக்கு விண்ணப்பித்தது உறுதி. சொன்னவர் பாஸ் கந்தோர் வாசலில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். தன் கையாலேயே எழுதினாராம். காரணம்: கண் சத்திரசிகிச்சை. போவது மாஸ்டரும் மனைவியும். பிணையாளியின் பெயர் மட்டும் காலி. போனவர் திரும்பும்வரை பிணையாளி குடாநாட்டை விட்டு அசைய முடியாது.

ஊரை விட்டுப் போகாதே என்று ‘நின்ற இடத்திலே வெல்’ எழுதிய மனுஷன். ஆறாம் பதிப்பு, கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தது, அதுவும் முடிந்துவிட்டது. முதல் பதிப்பை மெச்சி எங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியவன் நான்.

சைக்கிள் பின் டயர் பார்க்க.

புதன்
குருநகர். மாஸ்டர் பற்றிய கட்டுரைக்கு வாசகர் கருத்து. மீன் விற்கும் பிலோமினா அக்காவின் மகன் இந்தியாவுக்குப் படகேற இருந்தவன். புத்தகம் படித்து நின்றுவிட்டான். கடலில் மீன்பிடிக்கத் தடை. வீட்டில் வலை பொத்துகிறான்.

“மாஸ்டரைக் கண்டால் கேளுங்கோ தம்பி. என்ரை பெடியன் நிண்டிட்டான். எப்ப வெல்லுறதெண்டு அடுத்த புத்தகத்திலை போடுவாரோ?”

பாஸ் விஷயம் நான் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து எங்கள் மகளின் கடிதம். பிள்ளைப்பேறு ஏப்ரல் 20 அளவில். நானும் மனைவியும் போவதாக முடிவு. வெளியே போக ஒரே வழியான கிளாலிக் கடலைத் தனியே கடக்க அவளுக்குப் பயம்.

வியாழன்
கோப்பாய், மாஸ்டர் வீடு. கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். கேட்க முன்னமே படிவத்தை நீட்டினார்.

“தம்பி, நீர்தான் எனக்குப் பிணை நிக்கவேணும்.”

திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

“கண் தெளிஞ்சால் வருவன். தெளியாட்டி இஞ்சை வந்து என்னத்தைப் பாக்கிறது?”

பிலோமினா கேட்டதைச் சொன்னேன். பெடியனின் பெயரைக் கேட்டார். எழுதிவைக்கப் பேனையைத் தடவித் தேடினார். அது கையருகில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

கண் பொய் இல்லை. சுவரில் படங்கள் கழற்றிய வெள்ளைச் சதுரங்கள். அதுவும் பொய் இல்லை. இரண்டும் நானே கண்டவை.

பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. “நீங்கள் கையெழுத்து வைச்சால், பிள்ளையிட்டை ஆர் போறது?”

வெள்ளி
சிறு தூறல். கந்தோரில் கையொப்பம் வைத்தேன். கட்டுரை நிறுத்தம், ஆசிரியருக்குச் சொல்லியாயிற்று.

மாஸ்டரின் பாஸ் திங்கள் காலை. அவர் திரும்பவேண்டிய நாள் ஏப்ரல் 30. மகளின் பிள்ளைப்பேறு 20.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. விளக்கு வைக்க முன் சொல்லவேண்டும்.