மாரியாயி பெயரை எழுதிய கம்ப்யூட்டர்

ஆடி வெள்ளி, இரவு

பேத்தி சுகன்யாவுக்கு வெப்சைட்டுகளைச் சோதிக்கும் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே செய்கிறாள். இன்று அவள் கையைக் கட்டி உட்கார்ந்திருக்க, திரையில் எழுத்துகள் தானாக விழுந்தன. மாரியாயி என்று விழுந்தது. செத்துப்போன என் நாத்தனார், என் கல்யாணச் சோற்றில் மண் போட்டவள்.

"செத்தவள ஏன்டி கூப்பிடுற?"

"சும்மா ஒரு பேரு, அப்பாயி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கோட் எழுதி வச்சிருக்கேன். அதுவே பேரப் பதிஞ்சு, அதுவே அழிக்கும். விடிய விடிய ஓடும்."

சுகன்யா வயிற்றில் பிள்ளை. விடிய விடியக் கூப்பிட்டால் மாரியாயி அந்தப் பிள்ளையாக வந்து பிறப்பாள். விடமாட்டேன்.

"உசுரோட இருக்கிற என் பேரப் போடு."

சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அந்தத் திரை வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். என் பெயர் வருகிறது, அழிகிறது. அழியும்போதெல்லாம் விரல் மரத்துப்போகிறது. அவளை எழுப்பி நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் மறுபடி மாரியாயியைத்தான் போடுவாள்.