தையல்காரரின் வலது கால்

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

என்னோடு அறையில் தங்கியிருக்கும் தையல்காரருக்குக் கார் ஓட்டப் பழக்குகிறேன். முப்பது வருஷம் தையல் மிஷினை மிதித்த கால் அல்லவா, ஆக்ஸிலேட்டரில் வைத்ததும் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கார் தவளை மாதிரித் தத்தித் தத்திப் போனது. எதிரே குப்பைத்தொட்டி.

"பிரேக்க மிதிங்கண்ணே" என்றேன். மனிதர் காலை எடுத்துவிட்டு, மிஷின் சக்கரத்தை நிறுத்துவதுபோல ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். கடைசியில் தொட்டிதான் காரை நிறுத்தியது. பயப்படாதே, உடைந்தது விளக்குக் கண்ணாடி மட்டும்தான்.

"சக்கரத்தப் பிடிச்சா நிக்கணுமே தம்பி" என்று என்னையே கேட்கிறார்.

உனக்கு ஸ்கூட்டர் பழக்கியபோது தெருவே கேட்கக் கத்தியவன், இவரிடம் குரலே உயர்த்தவில்லை. நீ நம்பமாட்டாய்.

விளக்கை உடைத்ததில் அவருக்கு மனசு கேட்காமல், உனக்கொரு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்கிறார். அளவு கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பழைய ஜாக்கெட் ஒன்றை அனுப்பு.

கீழே ஹார்ன் அடிக்கிறார். அதை மட்டும் ஒரே நாளில் கற்றுக்கொண்டார். போகிறேன்.

உன்னவன்

பி.கு.: ஜாக்கெட்டைத் துவைக்காமலே அனுப்பு.