கொப்பியின் பின்பக்கம்

02.03.2025, ஞாயிறு

வரவு இல்லை. மரக்கறி 640. மதுராவின் பஸ் காசு 200.

மகள் மதுரா கம்பஸில் இறுதி வருடப் பொருளியல். வெளிநாட்டுக் காசு இங்கே என்ன விலைக்கு மாறியது என்பதுதான் அவளின் ஆய்வு. வங்கி விலையை எவரும் எடுக்கலாம். வங்கிக்கு வெளியே காசு மாற்றித் தருகிற உண்டியல்காரர் தந்த விலை என்ரை கணக்குக் கொப்பியில்தான் கிடக்கிறது. பாரிசிலிருந்து மகன் செந்தூரன் மாதாமாதம் அனுப்பிய 200 யூரோவும், அதற்குக் கையில் வந்த ரூபாயும். எட்டாம் வகுப்போடு நின்றவளின் கணக்கு ஒரு பட்டத்துக்கு உதவுது, பிள்ளையாரே.

04.03, செவ்வாய்

"மூலக் கொப்பியை வெள்ளிக்கிழமை கொண்டு வாரும்" என்றாராம் விரிவுரையாளர். மதுராவுக்குச் சந்தோசம். நான் கொப்பியைப் பிரித்தேன். ஒவ்வொரு தொகைக்கும் இடப்பக்கத்தில், காசு கொண்டுவந்தவன் பேர்: ஜெரிசன், குருநகர். உண்டியல் சட்டத்துக்குப் பிழை. அதை விட்டிட்டு, இப்ப கட்டார் போக, குற்றமில்லை என்ற பொலிஸ் ரிப்போட்டுக்குக் காத்திருக்கிறான் அந்தப் பெடியன்.

05.03, புதன்

சந்தையில் அவன்ரை தாய் மார்கிரட்டிடம் சொன்னேன். முகம் வெளிறிப்போச்சு.

"அக்கா, நீங்கள் கணக்கு எழுதினியளோ, சாட்சி எழுதினியளோ?"

பேரை எடுத்தால் பொய்க்கணக்கா? விட்டால் ஒரு பிள்ளையின் வாழ்வு கெடும். என்ன செய்ய?

06.03, வியாழன்

கும்பிட்டுவிட்டு பிளேட்டால் வெட்டினேன். 2021இன் பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு இடத்தில் அவன் பேர். துண்டுகளை அடுப்பில் போட்டேன். பிறகுதான் தாளைத் திருப்பினேன்.

ஐயோ.

பின்பக்கத்தில் 2022. தை முதல், அவன் உண்டியலை விட்ட ஆடி வரை, ஏழு தொகையும் ஓட்டை. தாளை வீணாக்காமல் இரண்டு பக்கமும் எழுதுகிற என்ரை சிக்கனம்!

மதுரா கத்தினாள். "ரூபாய் விழுந்ததே அந்த ஏழு மாதத்திலைதான் அம்மா! தட்டெழுதின பட்டியல் கிடக்கு, மூலம் எங்கை? என்ரை ஆய்வையே வெட்டிப்போட்டியளே!"

இருவரும் சாப்பிடவில்லை.

07.03, வெள்ளி

விடியக் கோயிலில் அர்ச்சனைக்குக் காசு கொடுத்தேன். ஐயர் பற்றுச்சீட்டு நீட்டினார். கை அப்படியே நின்றது.

செந்தூரன் காசு வந்தால் அடுத்த வெள்ளி நூற்றுக்கு ஒன்று பிள்ளையாருக்கு. ஒரு ரூபாயும் பிசகியதில்லை. பற்றுச்சீட்டு எல்லாம் பிஸ்கட் தகரத்தில்.

வீட்டுக்கு ஓடிவந்து தகரத்தைக் கொட்டினேன். 2022 தை 540. அப்படியென்றால் வந்தது 54,000. இருநூறால் பிரித்தால் ஒரு யூரோ 270 ரூபாய்.

"பட்டியலிலை என்ன பிள்ளை?"

"270."

சித்திரை 780. யூரோ 390. அதுவும் சரி. ஏழும் சரி. பிள்ளை என்னைப் பார்க்காமல் சீட்டுகளைப் பையில் அடுக்கினாள். பஸ் வரை நானும் போனேன்.

பின்னேரம் வந்து சொன்னாள்: "கொப்பியை எவரும் பிறகு எழுதலாமாம், கோயில் முத்திரையிலை திகதி இருக்காம். ஏற்றுக்கொண்டார்." பிறகு மெல்ல: "பேர் தேவையில்லையாம் அம்மா. மறைச்சுக் காட்டியிருந்தாலே போதுமாம்."

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

20.03, வியாழன்

பின்பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த அவன் பேரையும் மையால் மறைத்தேன். இந்த முறை தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

11.04, வெள்ளி

மதுராவின் ஆய்வுக்கு ஏ தரம் கிடைத்தது. ஜெரிசன் நேற்றுப் பறந்திட்டான். மார்கிரட் வாசலில் நின்று கேட்டா, "உங்கடை கொப்பியிலை இனி அவன் இல்லைத்தானே அக்கா?"

"இல்லை."

புதுக் கொப்பி. வரவு: செந்தூரன், வங்கியால், 200 யூரோ, 66,000. பிள்ளையாருக்கு 660.

பின்பக்கம் எழுதுவதில்லை.